தீர்க்கதரிசனமும் சபை அதிகாரமும்: 1860ஆம் ஆண்டு எழுப்புதலும் 1881ஆம் ஆண்டு எதிர்பார்ப்பும்

ஆய்வுச்சுருக்கம்

இறைவன் இன்றும் தீர்க்கதரிசனத்தின் வாயிலாகக் கிறிஸ்தவர்களோடு பேசுகிறாரா என்னும் வினா இறையியல் வினாவாகவே பெரிதும் விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. தென்தமிழகத்தில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் (1810–1867) தலைமையில் 1860இல் எழுந்த எழுப்புதலையும், திருவிதாங்கூரில் 1875 முதல் 1881 வரை நிலவிய வருகை எதிர்பார்ப்பையும் அருகருகே வைத்து நோக்கும் இக்கட்டுரை, அவ்வினா இங்கு நடைமுறையில் வேறு வடிவம் கொண்டதைக் காட்ட முயல்கிறது. ‘இறைவன் பேசுகிறாரா’ என்பதினும் ‘பேசியதாகச் சொல்லப்படுவதைச் சோதித்தறியும் உரிமை யாருக்கு’ என்பதே அன்று பூசலுக்குரிய பொருளாயிற்று.

திறவுச்சொற்கள்: அருளப்பன், தீர்க்கதரிசனம், எழுப்புதல், யுயோமயம், உபதேசியார், அருள்வாக்கு.

முன்னுரை

திருச்சபை வரலாற்றில் இவ்வினா பழமையானது. இரண்டாம் நூற்றாண்டில் பிரிகியாவில் மொந்தானுவும் அவருடைய உடன்பணியாளர்களான பெண்களும் புதிய தீர்க்கதரிசனம் உரைத்தபோதே ஆயர்கள் அதை எதிர்த்தனர். பதினேழாம் நூற்றாண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, இறைவன் தம் சித்தத்தை முற்காலத்தில் வெளிப்படுத்திய முறைகள் ஓய்ந்துவிட்டன என்று தன் முதல் அதிகாரத்திலேயே கூறிற்று. 1918இல் அமெரிக்க இறையியலாளர் பி. பி. வார்ஃபீல்டு அப்போஸ்தலர் காலத்தோடு அற்புத வரங்கள் முடிவுற்றன என்று விரிவாக வாதிட்டு நூல் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையோ இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964, 1965ஆம் ஆண்டு ஏடுகளில் இருவேறு செய்திகளை ஒருசேர நிறுத்தியது. தூய ஆவியார் எந்நிலை இறைமக்களுக்கும் வரங்களை அளிக்கிறார் என்பது ஒன்று. கிறிஸ்துவின் மாட்சிமிகு வருகைக்குமுன் புதிய பொது வெளிப்பாடு எதனையும் எதிர்பார்த்தற்கில்லை என்பது மற்றொன்று.

இவ்விவாதங்களில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கேட்போராகவே வைத்து எண்ணப்படுகின்றனர். 1906ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் அசூசா தெருக் கூட்டங்களே உலகப் பெந்தெகொஸ்தே இயக்கத்தின் ஊற்றென்று கொண்டு, அங்கிருந்து இந்தியாவுக்கு அது ‘வந்து சேர்ந்ததாக’ எழுதுவது நெடுங்கால வழக்கம். அசூசா தெருவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் முன்னரே திருநெல்வேலிச் சீமையின் வடபகுதியில் தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் காட்சிகளும் நிகழ்ந்தமைக்குச் சான்றுண்டு. ‘நமக்கே முதலிடம்’ என்று நிறுவுவதற்காக மட்டும் இச்சான்றைக் கையாள்வது அதைச் சிறுமைப்படுத்துவதாகும். அதன் பயன் வேறிடத்தில் உள்ளது.

அருளப்பனும் அவர்தம் பின்புலமும்

அருளப்பன் 1810இல் திருநெல்வேலியை அடுத்த உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் (சி.எம்.எஸ்.) ஊழியராயிருந்த ஜெர்மானியர் ரேனியஸிடம் பயின்றார். ரேனியஸ் ஆங்கிலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு முறைகளையும் குருப்பட்டம் பற்றிய கொள்கையையும் விமரிசித்தமையால் 1835இல் அச்சங்கத்தினின்று விலக்கப்பட்டார். ஆயரின் கை வைத்தலின்றி ஊழியம் செய்யலாகுமா என்ற கேள்வி திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களுக்கு ஐரோப்பிய நூல்களின்வழி வந்ததன்று. தம் கண்முன் சபை இரண்டுபட்டதனால் வந்தது.

1833இல் இந்தியா வந்த அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு அருளப்பனுக்கு ஏற்பட்ட தொடர்பு அவர் வாழ்வின் திருப்பம். பிளிமத் சகோதரர் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான குரோவ்ஸ், சம்பளமின்றி விசுவாசத்தால் வாழ்வதையும், குருப்பட்டம் பெறாதவரும் அப்பம் பிட்கலாம் என்பதையும் வலியுறுத்தியவர். அருளப்பன் இவ்விரண்டையும் ஏற்றார். 1840களின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் நிலம் பெற்றுக் கிறிஸ்டியான்பேட்டை என்னும் சிற்றூரை உருவாக்கினார். வேளாண்மை, பள்ளி, வழிபாடு, சுற்றுப்புற ஊர்களில் நற்செய்தி அறிவித்தல் ஆகியவை ஓரிடத்தில் இணைந்த குடியிருப்பு அது.

மிஷன் சபையின் உபதேசியாருக்கும் அருளப்பனுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே குறித்துக்கொள்வது தேவை. உபதேசியார் மாதச் சம்பளம் பெறுபவர். மிஷனரி வகுத்த வட்டத்துக்குள் பணியாற்றுபவர். தம் பணியை எழுதி மிஷனரியிடம் கணக்கு ஒப்புவிப்பவர். அவர் சொல்லும் சொல்லுக்குப் பின்னால் மிஷன் பங்களாவின் அதிகாரம் இருந்தது. அச்சொல்லுக்கு எல்லையும் அதுவே. அருளப்பனுக்கு அந்தப் பின்புலமும் இல்லை, அந்த எல்லையும் இல்லை. குரோவ்ஸ் 1853இல் மறைந்தபின் கிறிஸ்டியான்பேட்டைக்கு உள்ளூரில் மேலாளர் என்று எவருமிலர். 1860இல் நிகழ்ந்தவற்றை இந்த ஏற்பாட்டிலிருந்து பிரித்துப் படிக்க இயலாது.

1860: நிகழ்வும் அதன் தன்மையும்

அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியிலும் 1857–59இல் எழுந்த எழுப்புதல்களைப் பற்றிய செய்திகள் இதழ்கள், கடிதங்கள் வாயிலாகக் கிறிஸ்டியான்பேட்டையை எட்டின. அருளப்பனின் குறிப்புகளின்படி 1860 மே மாதம் 4 முதல் 7ஆம் நாள் வரை அங்குக் கூடியிருந்தோரிடையே தூய ஆவியின் பொழிவு வெளிப்படையாக நிகழ்ந்தது. சிலர் தீர்க்கதரிசனம் உரைத்து மக்களைக் கடிந்தனர். சிலர் மார்பில் அறைந்துகொண்டு அழுதனர். உடல் நடுங்கிக் கீழே விழுந்தோரும் உண்டு. அடுத்த மாதம் அந்நியபாஷையும் அதற்குப் பொருளுரைத்தலும் தோன்றின. அருகிலிருந்த மிஷன் சபைகளுக்கும் இது பரவிற்று. பெண்களும் இளையோரும் ஊர் ஊராகச் சென்று நற்செய்தி அறிவித்தனர்.

இக்குறிப்புகளில் ‘தீர்க்கதரிசனம்’ என்ற சொல் எதைச் சுட்டுகிறது என்பதே முதன்மையான சிக்கல். எதிர்காலத்தை முன்னறிவிப்பது என்ற பொருளில் அது அங்கே முன்னிற்கவில்லை. உரைப்பவர் கேட்போரின் பாவத்தைச் சுட்டிக் கடிகிறார். கேட்டவர் அறிக்கையிட்டு மனந்திரும்புகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுல், தீர்க்கதரிசனத்தைக் கேட்கும் புறத்தவனின் உள்ளத்து இரகசியங்கள் வெளியாகின்றன என்று கூறுவதோடு இது பொருந்துகிறது. பக்திவிருத்தி, புத்தி, ஆறுதல் ஆகியவற்றையே அவ்வதிகாரம் தீர்க்கதரிசனத்தின் பயனாகக் குறிக்கிறது. நாள் குறித்தல் அதில் இல்லை.

சி.எம்.எஸ். மிஷனரி ஆஷ்டன் டிப் இவ்வெழுப்புதல் பற்றி எழுதிய செய்தி 1860இலேயே அச்சங்கத்தின் இதழில் வெளியாயிற்று. உள்நாட்டுச் சபை தன் முயற்சியாலேயே விரிவடைய முற்பட்ட முதல் நிகழ்வாக இதைச் சிலர் கருதுவதாகவும் அவ்விதழ் குறித்தது. மிஷனரிகள் சிலர் வரங்களின் உண்மையை ஒப்புக்கொண்டனர் என்று அருளப்பனும் எழுதியுள்ளார். ஆகவே மிஷனரிகள் அனைவரும் ஒருமுகமாக எதிர்த்தனர் என்னும் பிற்காலச் சித்திரிப்பு சரியன்று. அவர்கள் தயங்கிய இடம் வேறு. மறைநூலே மீட்புக்குப் போதியது என்னும் ஆங்கிலிக்க ஆறாம் பிரமாணம் அவர்களைக் கட்டுப்படுத்திற்று. அதனினும் அழுத்தமாக, சபை ஒழுங்கு பற்றிய கவலை அவர்களைக் கட்டுப்படுத்திற்று. சம்பளம் பெறும் உபதேசியாரைச் சபையில் எழுத்தறியாத பெண்ணொருத்தி ஆவியின் ஏவுதலால் கடிந்துரைத்தால், அவ்வுரையை ஏற்பதா தள்ளுவதா என்று தீர்மானிப்பவர் யார்? மிஷனரி தீர்மானிப்பாராயின் தீர்க்கதரிசனம் அலுவலகத்துக்கு அடங்கியதாகிவிடும். சபை தீர்மானிக்குமாயின் மிஷனரி தேவையற்றவராவார். 1857இல்தான் நாசரேத் வட்டாரத்தில் சட்டாம்பிள்ளை மிஷன் தொடர்பை அறுத்துக்கொண்டு தனிச்சபை கண்டிருந்தார் என்பதையும் நினைவிற்கொண்டால் அக்கவலையின் கனம் விளங்கும்.

சொல்லும் சூழலும்: தீர்க்கதரிசனம், அருள்வாக்கு, குறி

தென்தமிழகத்தில் தெய்வம் மனிதர் வாய்வழிப் பேசுவது எவருக்கும் புதுமையன்று. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், திருநெல்வேலி வட்டாரங்களின் அய்யனார், கருப்பர் கோயில்களில் சாமியாடி அருள் வந்து வாக்குரைப்பதும், கோடாங்கி உடுக்கையடித்துக் குறி சொல்வதும் ஊர் வாழ்வின் பகுதிகள். வழக்குத் தீர்ப்பதும், களவு கண்டறிவதும், நோயின் காரணம் சொல்வதும், திருவிழாவுக்கு ஒப்புதல் தருவதும் அவ்வாக்கின் பணிகள். கால்டுவெல் 1849இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார் பற்றிய நூல் இத்தகைய ஆட்டத்தைப் பேய்வழிபாடு என்றே வகைப்படுத்திற்று. அந்நூலைப் படித்துப் பழகிய கண்ணுக்கு, உடல் நடுங்கிக் கீழே விழுந்து வாக்குரைக்கும் கிறிஸ்தவர் எப்படித் தோன்றியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமன்று.

மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வொற்றுமையை முன்கூட்டியே விலக்க முயன்றனர் என்றே கொள்ளத் தோன்றுகிறது. சீர்திருத்தச் சபைகளின் விவிலியத்தில் நிலைபெற்ற ‘தீர்க்கதரிசனம்’ என்னும் வடசொல் நெடுந்தொலைவு காணுதலைக் குறிப்பது. வாக்கு, அருள், குறி ஆகிய ஊர்ச்சொற்கள் எதனோடும் அதற்கு உறவில்லை. விலக்குவதில் அது வென்றது. ஆனால் கிரேக்க மூலச்சொல்லின் ‘சார்பாகப் பேசுதல்’ என்னும் பொருள் பின்தள்ளப்பட்டு, ‘வருவதை முன்னே காணுதல்’ என்னும் பொருள் முன்வந்தது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொதுமொழிபெயர்ப்பு ‘இறைவாக்கு’, ‘இறைவாக்கினர்’ என்று ஆண்டபோது பேச்சு மீண்டும் மையத்துக்கு வந்தது; கூடவே, விலக்கப்பட்டிருந்த ‘வாக்கு’ம் உள்ளே வந்தது. தமிழ்ச் சபைகளில் தீர்க்கதரிசி என்றாலே வருங்காலம் சொல்பவர் என்ற எண்ணம் ஆழ்ந்திருப்பதற்கு இச்சொல்லும் ஒரு காரணம்; ஒரே காரணம் அன்று.

தென்னிந்தியப் பெந்தெகொஸ்தே இயக்கத்தை ஆராய்ந்த மிகாயேல் பெர்குண்டர், நாட்டார் சமயத்தோடு அதற்குள்ள இணைவுகளையும் அவ்வியக்கத்தார் தாமே வரையும் வேறுபாடுகளையும் ஒருங்கே விவாதித்துள்ளார். 1860க்கும் அவ்வணுகுமுறை பொருந்தும். புறத்தோற்றத்தில் ஒற்றுமை உண்டு. எனினும் சாமியாடியின் வாக்குக்கு மேல் மறுவிசாரணை அரிது; தெய்வமே சொன்னபின் கேட்க யாருமில்லை. பவுலோ, தீர்க்கதரிசிகள் இருவர் மூவர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று விதிக்கிறார். அதாவது இறைவன் பேசுகிறார் என்று ஏற்றுக்கொண்ட பின்னரும் கேட்போரின் பகுத்தறியும் கடமை நீங்குவதில்லை. இவ்வேறுபாடு எவ்வளவு இன்றியமையாதது என்பதை அடுத்த இருபது ஆண்டுகள் திருவிதாங்கூரில் காட்டின.

1881: நாள் குறித்த தீர்க்கதரிசனம்

அருளப்பன் 1867இல் மறைந்தார். அவர் வட்டத்துச் சுவிசேஷகர்கள் மலைகடந்து திருவிதாங்கூர் சென்று வந்தவர்கள். அங்கு 1873 முதல் பரவிய எழுப்புதலில் அவர்களின் தாக்கத்தை ஆய்வாளர் பலர் காண்கின்றனர். இவ்வெழுப்புதலின் மையத்தில் நின்றவர் யுஸ்துஸ் யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் ராமய்யராகப் பிறந்து, புலமையால் வித்வான் குட்டி என்று அழைக்கப்பெற்று, 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தோடு திருமுழுக்குப் பெற்றவர், பின்னர் சி.எம்.எஸ். சபையின் குருவானவர், மலையாளக் கிறிஸ்தவப் பாடல்களால் இன்றும் அறியப்படுபவர்.

1875இல், கூடாரப்பள்ளில் தொம்மன் என்பார் வெளிப்பாடு பெற்று, கிறிஸ்து 1881 அக்டோபர் 2ஆம் நாள் மீண்டும் வருவார் என்று உரைத்தார். யுஸ்துஸ் யோசேப்பு அதை ஏற்றார். ஆங்கிலிக்கச் சபையிலும் சிரியன் சபையிலுமிருந்து பலர் அவர் பின் சென்றனர், தனிச்சபை உருவாயிற்று. குறித்த நாள் வந்தது, கழிந்தது. பலர் பழைய சபைகளுக்குத் திரும்பினர். எஞ்சியோர் அந்நாளின் வருகை கண்ணுக்குப் புலனாகாத வகையில் நிறைவேறிற்று என்று விளங்கிக்கொண்டு யுயோமய சபையாகத் தொடர்ந்தனர். யுஸ்துஸ் யோசேப்பு 1887இல் காலமானார்.

இதே வரலாறு அமெரிக்காவில் முன்னரே நிகழ்ந்தது. வில்லியம் மில்லரைப் பின்பற்றியோர் 1844 அக்டோபர் 22ஐ எதிர்பார்த்து ஏமாந்தனர்; அவருள் ஒரு பகுதியினர் அந்நாளில் விண்ணகத்தில் ஒரு நிகழ்வு நிறைவேறிற்று என்று மறுவிளக்கம் கண்டனர். ஆனால் மில்லர் நாள் கணித்தது தானியேல் நூலின் எண்களைக் கூட்டிக் கழித்து. தமக்கு வெளிப்பாடு வந்ததென்று அவர் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் நாளைத் தந்தது நேரடி வெளிப்பாடு. கணக்கில் பிழை காணலாம், திருத்தலாம். வெளிப்பாட்டைத் திருத்தும் வழி எது? உபாகமம் 18ஆம் அதிகாரம் சொன்னது நிறைவேறாவிடில் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்று வெட்டொன்று துண்டிரண்டாகக் கூறுகிறது. அவ்வளவுகோல் நாள் கழிந்த பின்னரே பயன்படும். ஆறு ஆண்டு இடைவெளியில் சபையின் கையில் இருந்தது பவுல் விதித்த நிதானித்தல் ஒன்றே. தலைவர் ஏற்றுக்கொண்ட வெளிப்பாட்டை நிதானிக்கும் துணிவோ அமைப்போ அப்புதிய சபைக்குள் வலுப்பெறவில்லை. ஐயுற்றோருக்கு விலகி நிற்றலே வழியாயிற்று.

ஆகவே, மிஷன் அதிகாரத்திலிருந்து விடுபட்டதே 1881இன் பிழைக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை. கிறிஸ்டியான்பேட்டையும் விடுபட்டே இருந்தது. அங்கே தீர்க்கதரிசனம் கேட்போரை நோக்கிற்று. இங்கே நாட்காட்டியை நோக்கிற்று. அங்கே ஒருவர் உரை பலர் உரையோடு கலந்து நின்றது. இங்கே ஒருவர் உரை சபையின் அடித்தளமாயிற்று.

சான்றுகளின் எல்லை

1860 பற்றி இன்று ஆய்வாளர் கைக்கு எளிதில் எட்டும் தொகுப்பு ஜி. எச். லாங் 1939இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அருளப்பன் வரலாறும் நாட்குறிப்புகளும் அடங்கிய நூல். லாங் சகோதரர் இயக்கத்தவர். அவ்வியக்கத்தின் முன்னோடிகள் 1830களில் ஸ்காட்லாந்திலும், இலண்டனில் எட்வர்டு இர்விங்கின் சபையிலும் தோன்றிய அந்நியபாஷையை ஏற்காதவர்கள். லாங்கும் தம் காலத்து அந்நியபாஷை இயக்கத்தைக் கடுமையாக விமரிசித்து எழுதியவரே. இருந்தும் 1860ஆம் ஆண்டு நிகழ்வை மெய்யானதென்று அவர் கொண்டார். இருபதாம் நூற்றாண்டுப் பெந்தெகொஸ்தே இயக்கத்தைத் திருத்துவதற்கான அளவுகோலாக அருளப்பன் அவருக்குப் பயன்பட்டார். பெந்தெகொஸ்தே வரலாற்றாசிரியர்களுக்கு அதே அருளப்பன் தம் இயக்கத்தின் முன்னோடி. ஒரே ஏடு இரு எதிர்த்தரப்புகளுக்கும் சான்றாவது வரலாற்றில் அரிதன்று. ஆயினும் இங்கே அது கவனத்துக்குரியது. ஏனெனில், அவ்வேட்டில் தீர்க்கதரிசனம் உரைத்தோரின் சொற்களுக்கு இடம் மிகக் குறைவு. உரைத்தார்கள், கடிந்தார்கள், மக்கள் அழுதார்கள் என்ற வினைகள் பதிவாயின. உரைத்த தமிழ் அதில் ஒலிக்கவில்லை.

அதனால், பிற்காலத்தார் எழுப்பும் ‘அத்தீர்க்கதரிசனங்கள் மெய்யா பொய்யா’ என்னும் கேள்விக்கு உள்ளடக்கத்தைக் கொண்டு விடைகாண இடமில்லை. விளைவைக் கொண்டே பேச இயலும். ஊதியமின்றிச் சென்ற சுவிசேஷகர்கள், பேச்சுரிமை பெற்ற பெண்கள், அறிக்கையிடப்பட்ட பாவங்கள் ஆகியவை மறுக்கவியலாதவை. இவை இறைவன் பேசியமைக்குச் சான்றா, எழுப்புதல் மனநிலையின் விளைவா என்பதை வரலாற்று முறை தீர்மானிக்காது. தீர்மானித்ததாகக் கூறும் நூல்களை இரு தரப்பிலும் ஐயத்தோடு அணுகுவதே தக்கது.

இருபதாம் நூற்றாண்டில்

1908இல் நார்வே ஊழியர் டி. பி. பாரட் குன்னூர் வந்தபோதும், 1920களில் கொழும்பில் சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் தோன்றித் தமிழகமெங்கும் விசுவாச வீடுகள் நிறுவியபோதும் தீர்க்கதரிசனம் மீண்டும் சபைக்குள் வந்தது. இம்முறை அது விதிவிலக்கான நிகழ்வாக அன்றி வழிபாட்டின் எதிர்பார்க்கப்பட்ட பகுதியாக வந்தது. நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருங்கூட்ட மேடைகளில், கூடியிருப்போருள் ஒருவரின் பெயரையும் நோயையும் சுட்டி அழைக்கும் முறை தமிழகத்தில் பரவலாயிற்று. சபைக்குள் உட்கார்ந்து நிதானிக்கும் ‘மற்றவர்கள்’ இம்மேடையின் முன் இல்லை. பல்லாயிரவர் கேட்கின்றனர், அவருள் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அறியார், உரைத்தது பொய்த்தால் மறுவாரம் அதே கூட்டம் கூடுவதுமில்லை. பவுலின் விதி வீட்டளவான சபையை முன்னிட்டு எழுதப்பட்டது. கிறிஸ்டியான்பேட்டை அவ்வளவிலேயே இருந்தது என்பது தற்செயல் அன்று.

இதற்கு நேர்மாறான ஒரு வடிவமும் தமிழ்ச் சபைகளில் வேரூன்றியுள்ளது. டிசம்பர் 31 இரவு ஆராதனையின் முடிவில், வரும் ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டைகளைக் குடும்பத்துக்கு ஒன்றாக எடுத்துச் செல்லும் வழக்கம், பெந்தெகொஸ்தே சபைகளில் மட்டுமன்றித் தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபைகள் பலவற்றிலும் காணப்படுகிறது. அட்டையில் இருப்பது மறைநூல் வசனம் மட்டுமே. நாளோ பெயரோ அதில் இல்லை. எடுத்தவரோ அதைத் தமக்கென இவ்வாண்டு அருளப்பட்ட சொல்லாகக் கொண்டு வீட்டுச் சுவரில் ஒட்டுகிறார். வரங்கள் ஓய்ந்துவிட்டன என்று போதிக்கும் ஆயரும் தம் கையால் அவ்வட்டையை நீட்டுகிறார். அன்று வந்த வசனம் தம் நிலைக்குப் பொருந்தியதா என்று அவ்வாண்டு முழுதும் நிதானிப்பது அக்குடும்பத்தின் பொறுப்பாகிறது.